தற்போதைய பதவி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. அங்கே மினசோட்டாவில் குளிர் எப்படி இருக்கிறது?

வாட்ஸ்அப்பில் போட்டோவைப் பார்த்துவிட்டு அன்றைக்குப் போன் பண்ணினாய். "என்னப்பா, பொன்னாடை எல்லாம் போட்டிருக்காங்க! நீங்க காலேஜ்ல வாலிபால் ஆடினதே எனக்குத் தெரியாதே" என்றாய். ஏதோ சிரித்துச் சமாளித்தேன். சில விஷயங்கள் எனக்குப் பேச வராது. 38 வருஷம் பேங்கில் பேனா பிடித்த கை, எழுதினால் வரும். அதனால்தான் இந்தக் கடிதம்.

விழா நன்றாகத்தான் நடந்தது. கல்லூரிக்காக ஆடிய பழைய வீரர்களைக் கூப்பிட்டுக் கௌரவித்தார்கள். ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, என்ன விளையாட்டு, எந்த வருஷம், இப்போது என்னவாக இருக்கிறார் என்று வாசித்தார்கள். போலீஸில் டி.எஸ்.பி. ஆனவர், ரயில்வேயில் டிக்கெட் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், கல்லூரி உடற்கல்வி இயக்குநர், அப்புறம் பேங்க் மேனேஜரான நான். விளையாட்டைச் சொன்னபோது கை தட்டியவர்கள், பதவியைச் சொன்னபோது இன்னும் பலமாகத் தட்டினார்கள். சிறப்பு விருந்தினர் கிரிக்கெட் வீரர் வெங்கட்ராகவனைப் பற்றிப் பேசினார். கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்தவர், இந்தியாவுக்காக 57 டெஸ்ட் ஆடினார், பிறகு நடுவராக நின்றது 73 டெஸ்ட். ஆடியதைவிட ஆட்டத்துக்குப் பிறகு செய்தது அதிகம், நீங்களும் அப்படித்தான் என்றார். கேட்க நன்றாக இருந்தது. எனக்குத்தான் உள்ளே ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆடியது 1983 முதல் 86 வரை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அப்போது வரவில்லை. நம் பக்கத்துக் கல்லூரிகளெல்லாம் மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தின் கீழ். செம்மண் தரை, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு போடுவோம். இப்போது போல் 25 புள்ளி கிடையாது, 15தான். ஆனால் சர்வீஸ் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் புள்ளி. மற்றவர்கள் ஜெயித்தால் சர்வீஸ் கைமாறும், அவ்வளவுதான். அதனால் 13-14லேயே அரை மணி நேரம் நிற்கும். வெயில் இறங்கி, பந்து கண்ணுக்குத் தெரியாமல் போய், அடுத்த நாள் காலையில் மிச்சத்தை ஆடியதும் உண்டு.

நான் அடிக்கிறவன். எங்கள் அணிக்கு ஒரு லிஃப்டர் இருந்தான், அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். ஐந்தடி ஐந்து அங்குலம் இருப்பான். நெட்டோ 2.43 மீட்டர். அவனுக்கு அது தலைக்கு மேலே எங்கோ தெரியும். ஆனால் அவன் விரலில் பந்து பட்டுப் போகிற சத்தமே கேட்காது. முகத்தை என் பக்கம் வைத்துக்கொண்டே பந்தை முதுகுக்குப் பின்னால் தூக்கிவிடுவான். எதிர் அணியில் இரண்டு பேர் எனக்கு முன்னால் ப்ளாக்குக்குக் குதித்துக்கொண்டிருப்பார்கள், பந்து அந்த மூலையில் இறங்கியிருக்கும். இரண்டு தடவை அப்படி ஏமாந்தால் மூன்றாவது தடவை அவர்கள் அங்கே ஓடுவார்கள். அப்போது எனக்குக் கொடுப்பான், எதிரே ஆளே இல்லாமல். பேப்பரில் என் பெயர் வரும். அடிக்கிறவனுக்குத்தான் கைதட்டல், தூக்கிக் கொடுக்கிறவன் அடுத்த பந்துக்குக் குனிந்து நிற்பான்.

மூன்றாம் வருஷம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பேங்க் டிரையலுக்குப் போனோம். அப்போதெல்லாம் நல்லா ஆடுகிற பையனுக்கு அதுதான் வழி. ரயில்வே, போலீஸ், பேங்க். பேட்மின்டன் சிந்து உனக்குத் தெரியும், அவள் அப்பா ரமணா ரயில்வேக்காரர்தான். 1986 சியோல் ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கிய வாலிபால் அணியில் இருந்தவர். அந்த அணியைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு நாங்கள் தூங்காமல் கிடந்தோம். சரி, டிரையலில் என்னை எடுத்தார்கள். அவனைப் பார்த்து, உயரம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். எனக்குத்தான் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அவன் யார் தெரியுமா? உன் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டித் தருவாரே, காசு கொடுத்தால் "போம்மா" என்பாரே, அந்த மாமாதான். பத்து வருஷம் அவர் கடை வழியாகப் பள்ளிக்கூடம் போனாய். ஒருநாள்கூட நான் உன்னிடம் இதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், ஆபீஸில் 'ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவன்' என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தது. கணக்குத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று ஆட்டத்தையே மறைத்து வைத்தேன். ஆட்டத்தை மறைத்தபோது அவனும் சேர்ந்து மறைந்துபோனான்.

இப்போது முள்ளைச் சொல்கிறேன். விழாவுக்கு இரண்டு மாதம் முன்னால் கல்லூரியிலிருந்து படிவம் அனுப்பி, "சார், உங்க டீம்ல யார் யாருன்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றார்கள். பெயர், வருஷம், விளையாட்டு, தற்போதைய பதவி. நான்கு பேருக்கு எழுதினேன். அவன் பெயர் வந்ததும் அந்தக் கடைசிக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. டி.எஸ்.பி.க்குப் பக்கத்தில் 'சைக்கிள் கடை' என்று வாசித்தால் அவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று தோன்றியது. அவன் நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். சங்கடம் அவனுக்கா எனக்கா என்று மேடையில் உட்கார்ந்திருக்கும்போதுதான் யோசித்தேன். கல்லூரி மேல் ஒரு குற்றமும் இல்லை, பாப்பா. பெயரை விட்டது நான்.

நீ அன்றைக்குப் போகிற போக்கில் இன்னொன்று சொன்னாய். பேரன் படிக்கிற பள்ளிக்கூடத்தின் பெயரில் இருக்கிற ஜஸ்டிஸ் பேஜ் ஒரு காலத்தில் அமெரிக்கன் புட்பால் ஆடியவர் என்று. இரண்டு ராத்திரி உட்கார்ந்து அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். நாட்டர்டேம் கல்லூரியில் ஆடி, அப்புறம் உங்கள் ஊர் வைக்கிங்ஸ் அணிக்குப் போயிருக்கிறார். ஆடிக்கொண்டே சட்டம் படித்து 1978இல் பட்டம் வாங்கி, 1992இல் மினசோட்டா உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 70 வயது வரை அங்கே நீதிபதி. அந்த நீதிமன்றத்தில் அவர்தான் முதல் கறுப்பின நீதிபதியாம். இதெல்லாம் பெரிய விஷயம்தான், பேரனுக்குப் பள்ளியிலேயே சொல்லித் தருவார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது வேறு. அவர் பிறந்த கான்டன் ஊரில்தான் புட்பால் வீரர்களுக்கான புகழ்மண்டபம் இருக்கிறது. சின்ன வயதில் அந்தக் கட்டடம் கட்டும் வேலைக்கே போயிருக்கிறார். 1988இல் அதே மண்டபத்தில் அவருக்கு மரியாதை. மேடையில் தன்னை அறிமுகப்படுத்த எல்லோரும் கோச்சையோ கூட ஆடியவரையோ கூப்பிடுவார்களாம். இவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியையைக் கூப்பிட்டிருக்கிறார். பேசியதும் படிப்பைப் பற்றித்தான்.

தன் மரியாதையில் யாருக்குப் பங்கு என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது 60 வயதுக்கு மேல்தான் உறைக்கிறது.

போன வாரம் கடைக்குப் போனேன். ஒரு ரிம்மைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "ஏல, போட்டோ பார்த்தேன். தொப்பைய உள்ள இழுத்துக்கிட்டுல்லா நிக்க" என்றான். யார் யார் வந்தார்கள் என்று கேட்டான். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். "நம்ம பி.டி. சார் வீட்ல இருந்து யாரும் வந்தாங்களா?" என்றான். சார் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. யாருமே அவர் பெயரை எடுக்கவில்லை என்று அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் படிவத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருஷமும் விழா வைக்கிறார்களாம். கல்லூரிக்குப் போய் இன்னொரு படிவம் வாங்கி வந்து நேற்று எழுதி முடித்தேன். லிஃப்டர், 1983–86, சைக்கிள் கடை, சொந்தமாக. அறிமுகம் செய்பவர் என்று ஒரு கட்டம் அதில் கிடையாது. ஓரத்தில் நானே கோடு போட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன். அவன் கையெழுத்து ஒன்று பாக்கி. அதை வாங்குவதென்றால் போன தடவை அவன் பெயர் எப்படி விட்டுப்போனது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். நாளைக் காலை, கூட்டம் வருவதற்கு முன்னால் போகலாம் என்று இருக்கிறேன்.

பேரன் பள்ளியில் வாலிபால் உண்டா என்று கேட்டுச் சொல். உண்டு என்றால் பந்தை விரல் நுனியில் பிடிக்கப் பழகச் சொல், உள்ளங்கையில் பட்டால் சத்தம் வரும்.

அன்புடன்,
அப்பா