குளிருக்கு என்று தனி டயர்

அன்புள்ள அண்ணா,

இங்கே நலம். அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? "ஒரு காருக்கு எதுக்குடா எட்டு டயர்?" என்று நீங்கள் கேட்டதற்குப் போனில் பதில் சொல்லி முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நாமக்கல்லில் லாரியோடு வாழ்கிற உங்களுக்குச் சொன்னால் சட்டென்று புரியும், எல்லாம் ரப்பர் விஷயம். வண்டியோடு வருகிற ஆல் சீசன் டயர் பேரில்தான் எல்லாப் பருவத்துக்கும். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுக ஆரம்பித்துவிடும், இங்கே கனடாவில், ஒட்டாவாவில் ஜனவரி காலையில் மைனஸ் 20 என்றால் கேட்கவே வேண்டாம். வின்டர் டயர் அந்தக் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும், பட்டன், அதாவது தரையில் படுகிற ரப்பர் கட்டிகள், முழுக்க மெல்லிய வெட்டுகள், அவைதான் பனியைக் கவ்வும். சரி, அதையே வருடம் பூராவும் ஓட்டலாமே என்பீர்கள். ஜூலை வெயிலில் அழிரப்பர் மாதிரி தேய்ந்துபோகும், பிரேக்கும் தள்ளித்தான் பிடிக்கும்.

நடுவில் ஆல் வெதர் என்று ஒன்று இருக்கிறது, கழற்றவே வேண்டாம். அதன் பக்கவாட்டில் மூன்று முகட்டு மலையும் நடுவில் பனிப்பூவும் போட்டிருக்கும், பனிச் சோதனையில் தேறியது என்று அர்த்தம். எம் பிளஸ் எஸ் (சேறு, பனி) என்று மட்டும் இருந்தால் நம்பக் கூடாது, அது பட்டன் அமைப்பைத்தான் சொல்கிறது. வார இறுதியில் மட்டும் வண்டி எடுக்கிற என் அறை நண்பனை ஆல் வெதரே வாங்கச் சொன்னேன். எனக்குக் கிடங்கில் விடிகாலை ஷிப்ட், பனி தள்ளுகிற வண்டி எங்கள் தெருவுக்கு வருவதற்குள் நான் கிளம்பியாக வேண்டும், அதனால் தனி வின்டர் செட்.

கடைக்காரர் ஒருவர் முன்னால் இரண்டு போட்டால் போதும் என்றார். நம் லாரியில் புதுசை முன்னால் போட்டு ரீட்ரெட் செய்த பழைய டயரைப் பின்னால் தள்ளுவோமே, அந்தக் கணக்கு இங்கே ஆகாது. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வழுக்கி வண்டியே சுற்றிவிடும். பக்கத்து வீட்டுக்காரர் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வைத்துக்கொண்டு வின்டர் டயரே வேண்டாம் என்கிறார், கிளம்புவதற்கு அது உதவும், நிற்பதற்கு அது என்ன செய்யும்?

வேடிக்கை என்னவென்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினோ, கியூபெக் மாகாணம், அங்கே பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். ஒட்டாவா இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் அப்படி இல்லை, ஆனால் 2016 முதல் வின்டர் டயர் போட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் தள்ளுபடி தர வேண்டும். ஒரு செட் ஓடும்போது இன்னொன்று சும்மா இருப்பதால் இரண்டும் கூடுதல் வருடம் வரும். இரும்பு ரிம்மும் சேர்த்தே வாங்கிவிட்டேன், மாற்றுவது சுலபம், கழற்றியதை வைக்கத்தான் வீட்டில் இடமில்லை, கடையிலேயே வாடகை கொடுத்து வைக்க வேண்டும்.

அடுத்த வாரம் மாட்டப் போகிறேன், முதல் பனி விழுந்த பிறகு போனால் கடையில் தேதி கிடைக்காது. அப்பா விலை கேட்டால் பாதியைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி