5ஏ விசாரணையில் நான் எழுதாத வாக்கியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வளர்ச்சியையும் உரிமையையும் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மனித வளர்ச்சிக் குறியீட்டில் நாம் மேலே வர வேண்டுமானால் சாலையும் தொழிற்சாலையும் வேகமாக வர வேண்டும், அதற்கு நிலம் தடையில்லாமல் கிடைக்க வேண்டும், உரிமைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். கட்டுரையாளரின் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நில எடுப்புப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எண்பதுகளின் கடைசி. ஒரு திட்டத்துக்கு நிலம் எடுத்தபோது 5ஏ விசாரணையில் எழுதும் வேலை எனக்கு. பழைய 1894 நில எடுப்புச் சட்டப்படி, நிலம் எடுக்கப்போகிறோம் என்ற 4(1) அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் நிலத்துக்காரர் ஆட்சேபணை சொல்லலாம்; அதைக் கேட்பதுதான் 5ஏ விசாரணை. ஊர்ப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா, பட்டாவை மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நிலத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை, கிணற்றைப் பற்றித்தான் பேசினார். பாறை குறுக்கிட்டு இரண்டு தடவை வெடி வைத்தது, மண் சுமந்தது, முதல் ஊற்று கண் திறந்த அன்று ஊருக்கே சர்க்கரைப் பொங்கல் கொடுத்தது. "எவ்வளவு குடுத்தாலும் வேண்டாம் தம்பி, கிணத்தை விட்டுட்டு நான் எங்க போறது?" என்றார்.

நான் எழுதியது இது: "மனுதாரர் தமது நிலத்தில் கிணறு உள்ளதாகவும், அதற்குரிய கூடுதல் இழப்பீடு வேண்டியும் ஆட்சேபணை தெரிவிக்கிறார்." அப்படி எழுதத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். 'தர மாட்டேன்' என்பதற்கு அந்தக் கோப்பில் இடமே இல்லை. கைநாட்டு வைத்துவிட்டு, "நான் சொன்னதை அப்படியே எழுதிட்டீங்களா?" என்று கேட்டார். "எழுதிட்டேம்மா" என்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது கென்யாவின் என்டோரோயிஸ் மக்களின் வழக்கு கண்ணில் பட்டது. ரிஃப்ட் பள்ளத்தாக்கில் போகோரியா ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக ஆடு மாடு மேய்த்தவர்கள் இவர்கள். வெந்நீர் ஊற்றுகளும் பூநாரைக் கூட்டங்களும் உள்ள ஏரி அது. 1973-ல் அந்த இடத்தைக் கென்ய அரசு வனவிலங்குக் காப்பகமாக அறிவித்து இவர்களை வெளியேற்றியது. சுற்றுலா வளரும், வருமானத்தில் 25 சதவீதம் உங்களுக்கு, வேலைகளில் 85 சதவீதம் உங்களுக்கு, 400 குடும்பங்களுக்கும் மாற்று நிலம் என்று வாக்குறுதி கொடுத்தார்கள் என்பது அந்த மக்களின் முறையீடு. கைக்கு வந்தது என்ன? 1986-ல் 170 குடும்பங்களுக்குத் தலா 3,150 கென்ய ஷில்லிங். மாடுகள் நக்கி உடம்பு தேற்றிக்கொள்ளும் உப்பு மண் ஏரிக்கரையில் இருந்தது. அதற்கும் வழி அடைபட்டு மந்தைகள் செத்தன.

அதே 1986 டிசம்பர் 4-ல்தான் ஐ.நா. பொதுச்சபை வளர்ச்சி உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. 146 நாடுகள் ஆதரவு, அமெரிக்கா மட்டும் எதிர்ப்பு, 8 நாடுகள் வாக்களிக்கவில்லை. ஆதரித்தவர்களில் இந்தியாவும் உண்டு. வளர்ச்சியின் நடுநாயகம் மனிதர்தான், அதில் அவருக்கு உயிரோட்டமுள்ள, சுதந்திரமான, அர்த்தமுள்ள பங்கு வேண்டும், பலனும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்கிறது அந்தப் பிரகடனம். அது பிரகடனம்தான், நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் இல்லை. ஆனால் ஆப்பிரிக்க நாடுகள் தங்கள் மனித உரிமைச் சாசனத்தின் 22-ஆம் பிரிவில் வளர்ச்சியைத் தங்களைக் கட்டுப்படுத்தும் ஓர் உரிமையாகவே எழுதிவைத்தன. அந்தப் பிரிவையும் வைத்துத்தான் என்டோரோயிஸ் மக்கள் ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். 2010-ல் தீர்ப்பு வெளியானது. அவர்களுடைய வளர்ச்சி உரிமை மீறப்பட்டதாக ஆணையம் அதில் சொன்னது.

அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஆணையம் இழப்பீடு போதுமா என்று பார்த்ததோடு விடவில்லை. எல்லாம் முடிவாகிவிட்ட பிறகு வந்து தகவல் சொல்வது கலந்தாலோசனை ஆகாது என்றது. வேண்டும், வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரமே வளர்ச்சி உரிமையின் ஒரு பகுதி என்றது. படித்ததும் எனக்கு அந்த வராந்தாதான் நினைவுக்கு வந்தது. எங்கள் 5ஏ விசாரணையில் எல்லாம் முடிவாகித்தான் மேசையே போட்டிருந்தோம்.

நிலத்தைத் திருப்பிக் கொடுக்கவும் ஏரிக்குத் தடையின்றிப் போய்வர விடவும் ஆணையம் பரிந்துரைத்தது. முழுதாக நடக்கவில்லை என்பது உண்மை. அதற்காக அந்த வார்த்தைகள் வீண் என்று நான் நினைக்கவில்லை.

கட்டுரையாளர் மேற்கோள் காட்டும் குறியீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1990-ல் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்ற பொருளாதார அறிஞர்கள் அதைக் கொண்டுவந்ததே, நாட்டின் உற்பத்திக் கணக்கில் மனிதர் காணாமல் போகிறார் என்பதால்தான். ஆனால் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்த சராசரி அது. கிணறு போன அந்த அம்மா அந்தச் சராசரியில் எங்கே தெரிவார்?

இங்கே நிலைமை மாறிவிட்டது என்று சொல்வார்கள். பாதி மாறியது. 2013 சட்டம் வந்து, 1894 சட்டம் போனது. சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், தனியார் திட்டமென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் ஒப்புதல் வேண்டும், அரசும் தனியாரும் சேர்ந்தால் 70 சதவீதம் என்று எழுதினார்கள். நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். ஆனால் தமிழ்நாடு 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நெடுஞ்சாலை, தொழில் திட்டங்கள், ஆதிதிராவிடர் நலம் ஆகிய மூன்று மாநிலச் சட்டங்களின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. உடனே மாநில அரசு புதுச்சட்டம் கொண்டுவந்தது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சட்டப்படி சரி. ஆனால் 2013 சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வுப் பகுதிகள் மட்டும் இந்த மூன்று சட்டங்களுக்கு வந்தன. மக்களைக் கேட்கும் பகுதி வரவில்லை. எத்தனை மடங்கு இழப்பீடு கொடுத்தாலும் 'தர மாட்டேன்' என்ற சொல்லுக்குக் கோப்பில் இன்னும் இடம் இல்லை.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகனே ஒரு தொழிற்பேட்டையில்தான் வேலை பார்க்கிறான். அந்த ஊர்க்காரர்களிடம் முதலில் கேளுங்கள் என்கிறேன். கேட்டால் தாமதமாகும் என்கிறார் கட்டுரையாளர். என்டோரோயிஸ் மக்களைக் கேட்காமல் செய்த வேலை 1973-லிருந்து இன்னும் முடியவில்லையே.

உங்களிடம் ஒரு கோரிக்கை. புதுத் திட்டம் வரும்போதெல்லாம் முதலீடு எத்தனை கோடி, வேலை எத்தனை ஆயிரம் என்று முதல் பக்கத்தில் போடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே எந்த ஊர், எத்தனை வீடு, எத்தனை கிணறு என்றும் போடுங்கள். உங்கள் செய்தியாளர் அந்த ஊருக்குப் போகும்போது அவர்கள் சொல்வதைச் சுருக்காமல், திருத்தாமல், சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்
(பெயர் வெளியிட வேண்டாம்)