மோட்டாரை இப்போதைக்கு மாற்றாதே

அன்புள்ள கண்ணம்மா,

நீ வாங்கிய பழைய ரிமோட் கன்ட்ரோல் படகின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃபைபர் கிளாஸ் உடம்பில் விரிசல் தெரியவில்லை, அது போதும். பெயின்ட் உரிந்ததற்கெல்லாம் கவலைப்படாதே. அப்பாவைக் கேட்டால் முதலில் பெயின்ட் அடி என்பார். அவர் பேச்சைக் கேட்காதே.

கார்பன் பிரஷ் இல்லாத, வேகம் கூடிய பிரஷ்லெஸ் மோட்டாரும், லித்தியம் பாலிமர் வகையான லிப்போ பேட்டரியும் போடலாமா என்று கேட்டாய். போடலாம். ஆனால் அதற்கு முன்னால், புரொப்பெல்லரைச் சுற்றும் கம்பியான ஷாஃப்டைப் பார். அதை மோட்டாரோடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிவிட்டு புரொப்பெல்லரை விரலால் சுற்று. எங்கேயாவது பிடித்தால், ஒன்று ஷாஃப்ட் வளைந்திருக்கும், இல்லையென்றால் குழாய்க்குள் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். உருவித் துடைத்து, ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். புதுக் கிரீஸைத் தாராளமாக அடை. அந்தக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறாமல் தடுப்பதும் அதுதான்.

மோட்டாரும் ஷாஃப்டும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொஞ்சம் விலகியிருந்தாலும் பழைய மோட்டார் கரகரவென்று முனகிக்கொண்டே ஓடிவிடும். புது மோட்டாரில் வேகம் கூடினால் அதே விலகல் படகையே நடுங்கவைத்து, பேரிங்கைத் தின்றுவிடும். அதனால்தான் பழைய மோட்டாரிலேயே கொஞ்ச நாள் ஓட்டு என்கிறேன். அது காட்டிக்கொடுக்கும் கோளாறுகளையெல்லாம் சரிசெய்த பிறகு புதியதைப் பற்றி யோசிக்கலாம்.

ரேடியோவை மட்டும் உடனே மாற்று. அந்த 27 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் செட்டில், பக்கத்தில் யாராவது அதே சேனலை ஆன் செய்தால் உன் படகு உன் பேச்சைக் கேட்காது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அந்த அலை தண்ணீரை ஊடுருவாது, ஆகவே ரிசீவரின் ஆன்டெனா நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்துவிடு. படகைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்துப் பார்.

ஸ்பீடு கன்ட்ரோலரும் பழசு போலிருக்கிறது, ரெசிஸ்டர் கம்பிச்சுருள் வைத்தது. மெதுவாக ஓட்டும்போது மிச்சமாக வேண்டிய மின்சாரத்தை அது வெப்பமாக்கி வீணடிக்கும். எலக்ட்ரானிக் ஒன்று வாங்கலாம், ஆனால் இப்போதிருக்கும் பிரஷ்டு மோட்டாருக்கானது பிரஷ்லெஸ்ஸுக்கு ஆகாது. ஆகவே இதில் அவசரம் வேண்டாம்.

லிப்போ வாங்கினால் ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாதே, 3.3-க்குக் கீழே இறக்காதே. பழைய பேட்டரியைவிட எடை குறைவு என்பதால் படகு மிதக்கும் நிலையும் மாறும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, மூக்கு தூக்காத இடத்தில் வெல்க்ரோ ஒட்டு. படகின் முன்பக்கமான அணியத்துக்குள் காலியாக இருக்கும் இடத்தில் ஃபோம் அடைத்துவிடு, கவிழ்ந்தாலும் மூழ்காது.

இன்னொன்று. புரொப்பெல்லரை மாற்றாமல் சுழற்சியை இரண்டு மடங்காக்கினால், அது கேட்கும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்காகும். மோட்டார் கருகுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே எந்த மோட்டார் என்று முடிவு செய்யும் முன் புரொப்பெல்லரின் விட்டத்தை அளந்து எனக்கு எழுது. எத்தனை இதழ் என்பதையும் சொல்.

அன்புடன்,
அம்மா