பொருள் எண் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குப் பரவாயில்லை. போனிலேயே சொல்லலாம்தான். நான் ஆரம்பித்தாலே "சரிப்பா, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வந்துகொண்டிருந்த உன் போன், பல்கலைக்கழக ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குத் தேதி குறித்ததிலிருந்து அம்மாவுக்கு வருகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்மாவிடம் பேசினாலும் நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆசிரியர்கள் சார்பில் ஆட்சிக்குழுவுக்கு நீ தேர்வான செய்தி பேப்பரில் வந்ததே, அதை வெட்டி பச்சை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எதன் பக்கத்தில் என்று உனக்கே தெரியும். அந்தக் கூட்ட அறைக்குள் நான் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு போய், பதிவாளர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவன். நீ அந்த மேஜையில் உட்காரப் போகிறாய். பெரியத்தை மட்டும் இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பாள். எனக்கு அப்படியெல்லாம் காட்டிக்கொள்ளத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

சரி, பொருளுக்கு வருகிறேன். முதலில் அஜெண்டாவைப் படிக்கும் விதம். கட்டு பெரிதாக இருக்கும். கல்லூரி இணைப்பு, நியமனம், தேர்வு மையம், அயற்பணி, வீட்டுக்கடன் என்று முக்கால்வாசி வழக்கமான சங்கதிகள். அவற்றைச் சீக்கிரம் புரட்டிவிடலாம். முதல் பொருளை மட்டும் அப்படி விடாதே. 'சென்ற கூட்ட நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்தல்' என்று ஒரு வரியில் இருக்கும். எல்லோரும் தலையாட்டிவிட்டு இரண்டாவதுக்குப் போவார்கள். கூட்டத்தில் 'பரிசீலிக்கலாம்' என்று பேசியது குறிப்பில் 'ஒப்புதல் அளிக்கப்பட்டது' என்று மாறி வருவது அங்கேதான். எழுதிக் கொடுத்தவன் சொல்கிறேன், உறுதி செய்தபிறகு அதை யாராலும் அசைக்க முடியாது.

அப்புறம் டேபிள் ஐட்டம். கட்டில் இருக்காது. டீயும் போண்டாவும் வரும் நேரத்தில் தனித்தாளாக ஆளுக்கொன்று வைப்பார்கள். படிக்க அவகாசம் வேண்டும் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு. சுற்றுக்கு விட்டு வீட்டுக்கே அனுப்பிக் கையெழுத்து வாங்கும் தீர்மானங்களும் அப்படித்தான். அவசரம் என்று சொல்வார்கள். நிஜமாகவே அவசரமான சமயமும் உண்டு, நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பணம் சம்பந்தப்பட்ட எதையும் கூட்டத்தில் பேசாமல் கையெழுத்திடாதே.

யார் யார் இருப்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தலைமை துணைவேந்தர். அவர் இல்லாவிட்டால் கன்வீனர் கமிட்டி. துணைவேந்தர் நாற்காலி காலியாகக் கிடப்பது இப்போது சகஜமாகிவிட்டது. நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கா அரசுக்கா என்ற சண்டையில், ஆளுநர் கிடப்பில் வைத்திருந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்று 2025 ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது, மே 21ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அவற்றில் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றிய திருத்தச் சட்டங்களை நிறுத்தி வைத்தது. பட்டச் சான்றிதழில் துணைவேந்தர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் உயர்கல்விச் செயலாளர் கையெழுத்தோடு பிள்ளைகள் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கிறார்கள். மாப்பிள்ளையின் தம்பி மகனும் அப்படித்தானே போனான்.

மற்றவர்களில் உயர்கல்விச் செயலாளர், கல்லூரிக் கல்வி இயக்குநர் போன்றவர்கள் பதவியால் வருபவர்கள். அடுத்து வேந்தரான ஆளுநர் நியமித்தவர்கள். அதற்கப்புறம் கல்லூரி முதல்வர்களும் உன்னைப் போல ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்தவர்களும். பேசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன்னை அனுப்பியவரின் முகத்தை நினைத்துக்கொள்வார்கள். அரசு அதிகாரி கோட்டையை, நியமனம் பெற்றவர் ஆளுநர் மாளிகையை, தேர்தலில் வந்தவர் சங்கத்தை. நான் பார்த்த வரைக்கும் இதுதான் நிலவரம். அதற்கு விலக்காக இருந்தவர் ஒரே ஒருவர்தான் என் ஞாபகத்தில் இருக்கிறார், கிராமத்துக் கல்லூரி ஒன்றின் முதல்வர். பஸ்ஸில் வருவார். பயணப்படிக் கணக்கைச் சில்லறை வரைக்கும் சரியாக எழுதுவார். அவர் கேள்வி கேட்டால் நிதி அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். உன்னை நினைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான் வருகிறது. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் தம்பி அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அங்கே இந்த வேலையைச் செய்கிற டிரஸ்டிகளைப் பற்றிச் சொல்வான். அந்த மாநில ஆளுநர் நியமிப்பவர்கள் 9 பேர், 6 வருடத்துக்கு. மூன்று வளாகத்துக்கும் ஆளுக்கொருவராக 3 மாணவர்கள், அதிலும் ஒருவருக்குத்தான் கணக்கில் சேரும் ஓட்டு. ஆளுநரும் ஒரு உறுப்பினர், ஆனால் அவர் ஜனங்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இன்னும் ஒரு படி மேலே, ரீஜென்டுகள் என்ற 8 ஆட்சிக்குழு உறுப்பினர்களையும் வாக்காளர்களே 8 வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்களாம். கூட்டத்தில் பொதுமக்கள் போய் உட்காரலாம் என்று அவன் சொன்னபோது நான் நம்பவில்லை. நம் கூட்ட அறைக் கதவை உள்பக்கம் தாழ் போடும் வேலையையும் நான் செய்திருக்கிறேனே! இங்கே ஒருவர் நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்க வேண்டுமானால் 2005ஆம் வருடத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட வேண்டும், அப்புறம் மேல்முறையீடு. நீ உள்ளே இருக்கிறாய், அந்தச் சிரமம் உனக்கு இல்லை. அதனால்தான் படித்துவிட்டுப் போ என்கிறேன்.

இனி அஜெண்டாவின் 14ஆம் எண் பொருள். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. செக்‌ஷனில் நான் வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் இன்று சூப்பரின்டென்ட்கள். அவர்கள் சொல்லியிருக்கக் கூடாது, நானும் கேட்டிருக்கக் கூடாது, ஆனால் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் எல்லாமே வந்துவிட்டது. பதக்கம், சொற்பொழிவு என்று நன்கொடையாளர்கள் கொடுத்த அறக்கட்டளை வைப்புத்தொகைகளை முதிர்வுக்கு முன்னாலேயே எடுத்து, சம்பளத்துக்கும் ஓய்வூதிய நிலுவைக்கும் கொடுத்துவிட்டு, பின்னால் ஈடு செய்வது. அதுதானே?

நம் ஓய்வூதியர் சங்கத்தில் இதற்காக இனிப்புக் கொடுக்காத குறை. இரண்டு மாத ஓய்வூதியம் நிற்கிறது பாப்பா. எனக்குப் பரவாயில்லை, நீங்கள் இருக்கிறீர்கள். டெஸ்பாட்ச்சில் இருந்தவரின் வீட்டுக்காரம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியத்தை விட்டால் வேறு கதியில்லை. மருந்துக்கடையில் கடன் சொல்லித்தான் வாங்குகிறார். உன் பிரசவத்துக்கு யார் வந்து இருந்தார்கள் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

இதையெல்லாம் எழுதுவது உன்னை இழுப்பதற்காக இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை.

நம் பணம் எப்படி வற்றியது என்று தெரிந்துகொண்டு போ, அதுபோதும். நான் சேர்ந்தபோது தேர்வுக் கட்டணமும் இணைப்புக் கட்டணமும் ஆறாக வந்தன. பிறகு புதிய பல்கலைக்கழகங்கள் வந்து கல்லூரிகளைப் பிரித்துக்கொண்டன. பெரிய கல்லூரிகள் தன்னாட்சி வாங்கிக்கொண்டு தேர்வைத் தாங்களே நடத்தின. தொலைதூரக் கல்வியில் வந்த பணத்தை நம்பிக் கட்டடம் கட்டினோம், ஆள் எடுத்தோம். எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) இறுக்கியதும் அதுவும் போனது. அரசு மானியம் கேட்டால் உள்ளாட்சி நிதித் தணிக்கையின் ஆட்சேபணைகளுக்கு முதலில் பதில் சொல் என்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஓய்வூதியமோ கருவூலத்திலிருந்து வருவதில்லை, பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியிலிருந்து வரவேண்டும். கோட்டையில் கையெழுத்தாக வேண்டிய விஷயத்தை உங்கள் மேஜையில் போண்டாவோடு வைத்திருக்கிறார்கள்.

அறக்கட்டளைப் பணம் யாருடையது என்று உனக்குத் தெரியும். பெரிய மனிதர்கள் கொடுத்ததும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர் வில்லியம் மேயர் பெயரில் சொற்பொழிவு, காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அள்ளிக்கொடுத்தது என்று அதற்கெல்லாம் பெயர் இருக்கிறது. என் செக்‌ஷனுக்கு வந்தவர்கள் வேறு மாதிரி. மகன் பைக்கில் போய் இறந்துவிட்டான், அவன் பெயரில் கணிதத்தில் முதலாவதாக வரும் பிள்ளைக்குப் பதக்கம் கொடுங்கள் என்று ஒரு அம்மா காசோலையை மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். அசலைத் தொடாமல் வட்டியில் மட்டும் செலவு செய்வோம் என்று பதிவாளர் கையெழுத்திட்ட கடிதத்தை அவருக்குக் கொடுத்தோம். தட்டச்சு செய்தது நான். வட்டி இறங்கி, தங்கம் ஏறி, அந்தப் பதக்கம் இப்போது முலாம் பூசியதுதான். அந்த அம்மா இன்றைக்கும் பட்டமளிப்பு விழாவுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகிறார்.

பின்னால் ஈடு செய்யப்படும் என்று 14ஆம் எண்ணில் எழுதியிருக்கிறதாமே. எந்தத் தேதிக்குள், எந்தத் தலைப்பிலிருந்து என்று எழுதியிருக்கிறதா பார். எழுதியிருக்காது.

ஒன்று கட்டாயம் செய். அந்தப் பொருள் எடுத்ததும் முதல் வேலையாக, 'என் தகப்பனார் இந்தப் பல்கலைக்கழகத்தின் ஓய்வூதியர், இதில் அவருக்கு வரவேண்டிய தொகையும் அடங்கும்' என்று நீயே சொல். குறிப்பில் ஏற்றச் சொல். நீ சொல்லாவிட்டால் வேறொருவர் சொல்வார், அது வேறு மாதிரி இருக்கும். ஆதரித்தால் அப்பாவுக்காக என்பார்கள். எதிர்த்தால் நல்ல பெயர் வாங்க அப்பாவின் வயிற்றில் அடித்தாள் என்பார்கள், இதைச் சொல்லப்போவது நம் சங்கத்து ஆட்கள்தான், இந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு. அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன். நீ அதை நினைத்துத்தான் என்னோடு பேசாமல் இருக்கிறாய் என்று அம்மா சொல்கிறாள். இருக்கலாம். அப்படியானால் நீ நினைத்தது ஒரு வகையில் சரிதான். ஆனாலும் ஒரு வார்த்தை 'அப்பா, கூட்டம் முடிகிற வரைக்கும் பேச வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் நான் என்ன கோபித்துக்கொண்டிருப்பேனா? நான் ரகசியம் காத்த காலத்தில் நீ பால்புட்டி குடித்துக்கொண்டிருந்தாய்.

எப்படி ஓட்டுப் போடுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அரசிடம் ஓய்வூதியத்துக்கென்று தனி மானியம் கேட்டுத் தீர்மானம் போட ஆட்சிக்குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று மட்டும் சொல்கிறேன். அதை யாராவது திருத்தத் தீர்மானமாக முன்மொழிய வேண்டும். முன்மொழிபவருக்கு வழிமொழிய இன்னொருவர் வேண்டும், முதல் நாளே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். முதல்வர்கள் பக்கம் கேட்டுப் பார்க்கலாம். பொதுவாகச் சொல்கிறேன்.

கூட்டத்தில் நீ வாய் திறக்காமல் இருந்தால் குறிப்பில் 'ஒருமனதாக' என்றுதான் ஏறும். அங்கே பேசாதவர்களுக்குத் தனிப் பத்தி கிடையாது. ஆட்சேபணை இருந்தால் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதே. அதே நாளில் பதிவாளர் பெயருக்கு எழுத்தில் கொடு, நகலில் முத்திரை போட்டு வாங்கு. தபால் பிரிவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் முத்திரை போட மாட்டார்கள். கூட்டம் இழுத்துவிட்டால் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடு. அடுத்த கூட்டத்தில் முதல் பொருளில் அது ஏறியிருக்கிறதா என்று பார். இதை முன்னாலேயே சொல்லிவிட்டேன், இருந்தாலும் பார்.

வெல்லமும் முருங்கைக்கீரைப் பொடியும் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறோம். மெலிந்திருக்கிறாய் என்று போன வாரம் பேப்பரில் வந்த போட்டோவைப் பார்த்துவிட்டு அம்மா ஒரே புலம்பல். ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கோப்புப் படிக்காதே, காலையில் எழுந்து படி.

கூட்டம் முடிந்ததும் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டாம். குழுவில் வந்துவிடும், பேப்பரிலும் வரும். சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா என்று மட்டும் சொல், என் நம்பருக்கே போன் செய். அம்மாவின் போனில் சார்ஜ் நிற்பதில்லை.

அன்புடன்,
அப்பா