டிசைன் எத்தனை என்று கேட்காதீர்கள், ஃபிரேம் எவ்வளவு என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் தையலும் எம்பிராய்டரியும் சேர்ந்த வீட்டு மிஷின் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். ஆனால் மறுநாள் காலையிலேயே ஓசூரிலிருந்து என் நாத்தனார் போன் செய்து, "அண்ணி, பேப்பர்லயே போட்டிருக்காங்க, எண்பது டிசைன் இருக்காம், ஒரே நேரத்துல தைக்கவும் செய்யுமாம் பூவும் போடுமாம், வாங்கிடட்டுமா" என்று கேட்டபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன், அதில் கடைசி நாலு வருடம் எம்பிராய்டரி செக்‌ஷனில். அப்புறம் வீட்டிலேயே பிளவுஸ் தைக்க ஆரம்பித்து, மூன்று வருடத்துக்கு முன் இந்த இரண்டும் சேர்ந்த மிஷினை வாங்கினேன். வாங்கி வருத்தப்படவில்லை. ஆனால் இன்று தெரிந்தது அன்று தெரிந்திருந்தால் வேறு மிஷின் வாங்கியிருப்பேன்.

முதலில் அந்த 'ஒரே நேரத்தில்' என்பது தப்பு. தைக்கும்போது தையல் மட்டும், எம்பிராய்டரி ஓடும்போது எம்பிராய்டரி மட்டும். மாற்ற வேண்டுமென்றால் மிஷினை அணைத்து, இடது பக்கம் எம்பிராய்டரி யூனிட்டை மாட்டி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை மாற்றி, அடியில் துணியைத் தள்ளும் பல்லை இறக்கி, அடி நூலுக்கான பாபினில் மெல்லிய நூல் சுற்றிப் போட்டு, துணியை விறைப்பாகப் பிடிக்கும் ஃபிரேமை மாட்ட வேண்டும். பழகிய கைக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் பெரிய விஷயமில்லை, ஆனால் ஒரு முதுகு டிசைன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒருவர் "ஃபால்ஸ் மட்டும் அடிச்சுக் குடுங்க, சாயங்காலம் கல்யாணம்" என்று நிற்பார் பாருங்கள், அப்போதுதான் ஒரே மிஷினை நம்பி இருப்பது என்னவென்று புரியும். என் பழைய கால் மிஷினை நல்லவேளையாக விற்கவில்லை. மாமியார் மட்டும் அன்று சம்மதித்திருந்தால் எக்ஸ்சேஞ்சில் போயிருக்கும்.

இப்போது ஃபிரேம். கட்டுரையில் எண்பது டிசைன், நூற்றுச் சொச்சம் தையல் என்று பெட்டிச் செய்தியே போட்டிருந்தீர்கள், ஃபிரேம் அளவு பற்றி ஒரு வரி இல்லை. வீட்டு மிஷின்களில் விலை குறைந்தவற்றுக்குப் பெரும்பாலும் நாலுக்கு நாலு அங்குலம், அதாவது 100க்கு 100 மில்லிமீட்டர்தான் எம்பிராய்டரி ஓடும் இடம். அடுத்த படி ஐந்துக்கு ஏழு, 130க்கு 180. கேட்கும்போது சின்ன வித்தியாசம் மாதிரித்தான் இருக்கும், ஒரு பிளவுஸ் கையை எடுத்து வைத்துப் பாருங்கள். முழங்கை வரை வரும் கையின் சுற்று பதினொன்று, பன்னிரண்டு அங்குலம் இருக்கும். நாலங்குல ஃபிரேமில் அந்த பார்டரைப் போட மூன்று தடவை துணியைக் கழற்றி மாட்ட வேண்டும், இரண்டு கைக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் முந்தின டிசைன் முடிந்த இடத்தில் அடுத்தது சரியாக உட்கார வேண்டும்.

என் முதல் பட்டு பிளவுஸ் ஆர்டரில் மாங்காய் பார்டர். சாக்பீஸில் கோடு போட்டு, குண்டூசி குத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். இரண்டு இடம் சரியாகச் சேர்ந்தது, மூன்றாவது இடத்தில் இரண்டு மாங்காய்க்கு நடுவில் இரண்டு மில்லி இடைவெளி. கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் பல் விழுந்த மாதிரி தெரிந்தது. பிரித்தால் பட்டில் ஊசி போன தடம் நிற்கும். அந்த இடத்தில் ஒரு பச்சைக் கல்லை ஒட்டி மறைத்துவிட்டேன். பிளவுஸை வாங்கிய அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், இன்னொரு கையிலும் அதே இடத்தில் கல் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனார். எல்லாத் தடவையும் அப்படி அதிர்ஷ்டம் அடிக்காது.

இதில் கடைக்காரர்கள் செய்யும் ஒரு வேலையையும் சொல்லிவிடுகிறேன். நாலுக்கு நாலு மிஷினுக்கே நீளமான ஃபிரேம் ஒன்று தனியாக விற்பார்கள், 100க்கு 170 மில்லி என்று. அதைக் காட்டி "மேடம், பெரிய ஃபிரேமும் போடலாம்" என்பார்கள். போடலாம்தான். ஆனால் அந்த நீளத்துக்கு மிஷினின் கை போகாது. ஃபிரேமை மேலே கீழே மாற்றி மாட்டி, டிசைனையும் வெட்டித் துண்டாக்கித்தான் ஓட்ட வேண்டும். துணியைக் கழற்ற வேண்டாம் என்பது மட்டும்தான் லாபம். "ஒரே டிசைன் ஒரே ஓட்டத்தில் எவ்வளவு பெரிசு வரும்" என்று கேளுங்கள், உண்மை அளவு வந்துவிடும்.

நேரக் கணக்கையும் யாரும் சொல்வதில்லை. சின்ன வீட்டு மிஷின் நிமிடத்துக்கு 400 தையல் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், சில மிஷின் 700, 800 வரை போகும். முதுகுக்கு ஒரு மயில் 18,000 தையல் என்றால் 400 வேகத்தில் சும்மா ஓடவே 45 நிமிடம். ஊசி ஒன்றுதான், அதனால் ஒவ்வொரு கலருக்கும் மிஷின் நின்று கூப்பிடும், நாம் போய் நூலை மாற்ற வேண்டும். மயிலுக்கு ஆறு கலர். நடுவில் நூல் அறும், ஜரிகை நூல் என்றால் கண்டிப்பாக அறும் (90ஆம் நம்பர், கண் பெரிசான ஊசி போட்டு வேகத்தைக் குறைத்தால் கொஞ்சம் அடங்கும்). ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். சாதம் வைத்துவிட்டு வரலாம் என்று போனால் குக்கர் விசில் கேட்கிறதா மிஷின் விசில் கேட்கிறதா என்று தெரியாமல் ஓடி வர வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஹெட்டில் பன்னிரண்டு, பதினைந்து ஊசி இருக்கும், கலர் தானாக மாறும், அந்த மாதிரி ஹெட் வரிசையாக நிற்கும். அதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டு மிஷினில் வியாபாரக் கணக்குப் போட்டால் அடி வாங்குவோம்.

அடுத்தது, கடையில் காட்டும் டெமோ. எனக்குக் காட்டியபோது கெட்டியான ஃபெல்ட் துணியில் ரோஜாப்பூ போட்டார்கள், அச்சடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து காட்டன் பிளவுஸ் பிட்டில் அதே ரோஜாவைப் போட்டேன், சுற்றிலும் துணி சுருங்கி, காய்ந்த அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. மிஷினில் கோளாறு என்று நினைத்து கடைக்கு இரண்டு நடை நடந்தேன், கோளாறு மிஷினில் இல்லை. துணிக்கு அடியில், அது சுருங்காமல் பிடிக்க எம்பிராய்டரிக்கென்று விற்கும் பேப்பர் வைக்க வேண்டும், அதுவும் துணிக்குத் தகுந்த பேப்பர். நெய்த துணிக்குக் கிழித்து எடுக்கிற வகை போதும், டி-ஷர்ட் மாதிரி இழுபடும் துணிக்கு வெட்டி எடுக்கிற கெட்டி வகை வேண்டும், அது உள்ளேயே நிற்கும். டர்க்கி டவலில் பெயர் போடுவதென்றால் மேலேயும் ஒன்று, தண்ணீரில் கரைகிற வகை, இல்லாவிட்டால் எழுத்தெல்லாம் டவலின் முடிக்குள் புதைந்துவிடும். இந்தச் செலவு மாதாமாதம் வரும், மிஷின் விலையில் இது சேராது. பட்டுத் துணியை நேராக ஃபிரேமில் இறுக்கவும் கூடாது, வட்டமாகத் தடம் விழும். பேப்பரை மட்டும் ஃபிரேமில் இறுக்கி, பட்டுத் துணியை அதன்மேல் வைத்து ஓரத்தில் கைத்தையல் ஓட்டிக்கொள்வேன்.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்கள் துணியைக் கொண்டு போங்கள். நீங்கள் எதில் போடப் போகிறீர்களோ அந்தத் துணி, லைனிங்கோடு. கண் முன்னால் போடச் சொல்லி, முடிந்ததும் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பட்டையாக நிரப்பிய இடத்தில் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலின் வெள்ளை தெரிந்து, இரண்டு ஓரத்திலும் மேல் நூலின் கலர் தெரிந்தால் நூலின் இழுப்பு சரி. மேல்பக்கத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தால் சரியில்லை, இழுப்பைச் சரியாக வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கார்மெண்ட்ஸில் செக்கிங் அக்காக்கள் துணியைக் கையில் எடுத்ததும் முதலில் திருப்பித்தான் பார்ப்பார்கள்.

பாபின் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஜனோம் என்ற மிஷின் கம்பெனியின் பெயருக்கு ஜப்பானிய மொழியில் பாம்பின் கண் என்று அர்த்தமாம், அந்தக் காலத்து வட்டப் பாபினைப் பார்த்தால் பாம்புக் கண் மாதிரி இருந்ததால் வைத்த பெயர். பழைய கால் மிஷின் பாபினை இதில் போட்டுவிடாதீர்கள், பார்க்க ஒன்று மாதிரி இருந்தாலும் உயரம் வேறு.

உள்ளே இருக்கும் எண்பது டிசைன் என்று மயங்குகிறோமே, அதில் நம்முடைய டிசைன் எத்தனை? என் மிஷினில் ரோஜா இருக்கிறது, கரடிப் பொம்மை இருக்கிறது, கப்பல் நங்கூரம் இருக்கிறது. மாங்காய் இல்லை, மயில் இல்லை, யாளிக்கு எங்கே போவது. கடைசியில் வெளியில் பஞ்சிங் செய்து, அதாவது படத்தை மிஷின் படிக்கும் ஃபைலாக மாற்றி வாங்கித்தான் ஓட்டுகிறேன். அதனால் பென் டிரைவ் போடும் இடம் இருக்கிறதா, எந்த ஃபைல் படிக்கும் என்பதுதான் முக்கியம். பிரதர் மிஷின் என்றால் பிஇஎஸ், ஜனோம் என்றால் ஜேஇஎஃப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை. ஃபேக்டரிகளில் ஓடுவது டிஎஸ்டி. டிஎஸ்டி ஃபைலில் கலர் விவரம் இருக்காது, திரையில் கன்னாபின்னாவென்று கலர் காட்டினால் பயப்பட வேண்டாம், எந்தக் கலர் எப்போது என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். நூல் நான் சிக்பேட்டையில் 5000 மீட்டர் கோனாக வாங்குகிறேன், மிஷினில் மாட்டும் குச்சிக்கு அது பெரிசு, பின்னால் ஒரு டம்ளரில் நிறுத்திவிடுவேன்.

இங்கே கன்னடக்காரர்களும் தெலுங்குக்காரர்களும் மக்கம் ஒர்க் என்று கேட்கிறார்களே, நாம் ஆரி ஒர்க் என்கிறோம், அது கையால் போடுவது, இந்த மிஷினில் வராது. மணி கோக்காது, ஜர்தோசிக் கம்பிச் சுருள் தைக்காது. அந்த ஆர்டருக்காக மிஷின் வாங்குகிறவர்கள் அந்தப் பணத்துக்கு ஒரு மரச்சட்டமும் ஆரி ஊசியும் வாங்கி வகுப்புக்குப் போகலாம், மிச்சப் பணத்தில் ஊருக்கும் போய் வரலாம்.

நம் ஊரில் இன்னொன்று நடக்கிறது, வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்காவில். அங்கே விலை குறைவு என்று பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறார்கள். எங்கள் தெருவில் ஒருவர் அப்படி வந்த மிஷினை ஊருக்குத் தகுந்த பிளக்கை மட்டும் மாற்றிச் சுவிட்சைப் போட்டார். அது 120 வோல்ட், இங்கே வருவது 230. ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான், ஒரு தையல் கூடப் போடவில்லை. வோல்டேஜ் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டினாலும் வாரண்டி இங்கே செல்லாது, போர்டு போனால் யாரும் தொடமாட்டார்கள்.

விலை பற்றி ஒரே ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் தையல் மிஷினுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள். கைத்தொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் பிஎம் விஸ்வகர்மா திட்டத்தில் தையல்காரர்களும் உண்டு. கருவிக்கு 15,000 ரூபாய், கடனாக முதல் தவணை ஒரு லட்சம் வரை, 5 சதவீத வட்டி. வீட்டுக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், பேரன் பேத்திக்கு கவுன் தைத்து பெயர் போட, தலையணை உறையில் பூப்போட, ஆசைக்கு வாங்குகிறவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்த மிஷின் சரி, வீட்டில் இடமும் மிச்சம். பிளவுஸ் தைத்துச் சம்பாதிக்கிறவர்கள் இருக்கிற தையல் மிஷினை வைத்துக்கொண்டு, அதே பணத்தில் எம்பிராய்டரி மட்டும் செய்யும் மிஷினாக, ஐந்துக்கு ஏழுக்குக் குறையாமல் பார்க்கட்டும். என் நாத்தனார் இரண்டாவது ரகம். வருகிற சனிக்கிழமை பிளவுஸ் பிட்டோடு பஸ் ஏறி வரச் சொல்லியிருக்கிறேன், சேர்ந்து போய்ப் பார்க்கப் போகிறோம்.

நீங்கள் முழுக் கடிதத்தையும் போட இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அந்த 'ஒரே நேரத்தில்' என்பதை மட்டும் அதற்குள் திருத்திப் போட்டுவிடுங்கள். அண்ணி நான் சொன்னால் நாத்தனார் நம்பமாட்டாள், பேப்பரில் வந்தால்தான் நம்புவாள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு.