மூன்று இருக்கைகள்

அன்புள்ள மகளுக்கு,

உன் செய்தி கிடைத்தது. விடுமுறைக்குக் குழந்தைகளை ஒரு தீவுக்கு அழைத்துப் போகப் போவதாகவும், விமானத்தில் மூன்று இருக்கைகள் பதிவு செய்துவிட்டதாகவும், தங்குமிடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை என்றும் எழுதியிருந்தாய். உன் அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். நீ போவதில் எங்களுக்கு மகிழ்ச்சிதான். இரண்டு ஆண்டுகளாக நீ ஓய்வென்று ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதை நான் அறிவேன். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நான்கு. கடலை முதன்முதலாகப் பார்க்க நல்ல வயதுதான். தொலைபேசியில் பேசினால் அரை நிமிடத்தில் "சரிப்பா, வைக்கட்டுமா" என்று சொல்லிவிடுவாய் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

வெப்பமண்டலத் தீவில் தங்குமிடம் வழக்கத்துக்கு மாறாக மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது பெரும்பாலும் மழைக்காலமாகவோ சூறாவளிக் காலமாகவோ இருக்கும். நடுவில் மலை உள்ள தீவென்றால் காற்று மோதும் பக்கத்தில் மழையும் அலையுமாக இருக்கும்போதே மறுபக்கத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஆகவே தீவின் பெயரை மட்டும் பார்க்காமல், எந்தக் கரை, எந்த மாதம் என்றும் பார்த்துக்கொள். விமானம் இறங்கும் இடத்திலிருந்து படகேறி இன்னொரு சிறு தீவுக்குப் போவதாக இருந்தால், திரும்பும்போது ஒரு நாள் முன்னதாகவே பெரிய தீவுக்கு வந்துவிடு. கடல் கொந்தளித்தால் படகை விட மாட்டார்கள், அதற்காக விமானம் காத்திருக்கப் போவதில்லை. படகு என்றதும் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. ஒரு கையில் சின்னவனையும் மறு கையில் பெட்டியையும் பிடித்துக்கொண்டு ஆடுகிற படகில் ஏறுகிறவளுக்கு ஏணியைப் பற்ற மூன்றாவது கை வேண்டும். மாப்பிள்ளைக்கு அந்த வாரத்தில் வேலை இருக்கலாம். நான் கேட்கவில்லை.

வேறு எதையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுவதாக நினைக்காதே. தாய் தந்தையரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு வெளிநாட்டு எல்லையைக் கடந்தால், மற்றவரின் சம்மதக் கடிதத்தைக் குடிவரவு அதிகாரிகள் கேட்கக்கூடும். சில நாடுகளில் வெறும் கையெழுத்து போதாது, நோட்டரியின் சான்றும் வேண்டும் என்பார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகலோடு அந்தக் கடிதத்தையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள். அவரிடம் கேட்பது உனக்குச் சங்கடமாக இருந்தால் சொல், நான் கேட்டு வாங்கித் தருகிறேன். அதில் என்ன சங்கடம் இருக்கப்போகிறது என்று எழுதிய பிறகுதான் எனக்கே தோன்றியது. ஆனாலும் அந்த வரியை அடிக்காமல் விடுகிறேன்.

தங்குமிடத்தைப் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதே. தண்ணீருக்கு மேல் கால்கள் நட்டுக் கட்டிய குடில்கள் படத்தில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பின்கதவைத் திறந்தால் படி நேரே கடலுக்குள் இறங்கும். சின்னவன் எல்லோருக்கும் முன்னால் விழித்துக்கொண்டு தாழ்ப்பாளைத் திறந்து பார்க்கிற பிள்ளை. நீச்சல் குளத்தைச் சுற்றித் தடுப்பும் தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் இருக்கின்றனவா, மருத்துவமனைக்குப் போக எவ்வளவு நேரமாகும், இரவில் படகோ வண்டியோ கிடைக்குமா என்று பதிவுக்கு முன்பே எழுதிக் கேள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தை விட்டுவிடு.

வெயிலையும் கொசுவையும் பற்றி உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நீ என்னைவிட ஒழுங்கானவள். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை குழந்தைகளை நிழலில் வைத்திரு. சன்ஸ்கிரீன் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் நீரிலிருந்து ஏறியதும் திரும்பப் பூச வேண்டியிருக்கும் என்பதால், முழுக்கை நீச்சல் உடை வாங்கிவிட்டால் பாதி வேலை குறையும். பவளத்துக்குக் கேடு என்று பசிபிக் தீவு நாடான பாலாவ் 2020இலும் ஹவாய் 2021இலும் சில வேதிப்பொருட்கள் கலந்த களிம்புகளின் விற்பனையைத் தடை செய்தன. நீ போகிற தீவில் என்ன விதி என்று பார்த்துக்கொள். டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. கொசுவலை கட்டித் தூங்கினோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் எங்கே போய் வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலில் சொல், பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் நீயாகக் கொடுக்காதே. வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே இரவில் வந்தால் தனியாக என்ன செய்வாய் என்றுதான் உன் அம்மா கேட்கிறாள். கேட்பது அவள்தான், நான் இல்லை.

இனி தண்ணீர். உலகச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021இல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள், அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. மூழ்குகிற குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர் மட்டத்தில் இருக்க, வானத்தைப் பார்த்து நிற்பதுபோலவே தெரியும். ஆகவே சின்னவன் நீரில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் உன் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காற்றடைத்த வளையத்தை நம்பாதே, கரையிலிருந்து வீசும் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அவன் எடைக்குப் பொருந்துகிற, கால்களுக்கிடையே வார் உள்ள உயிர்காப்புச் சட்டையை இங்கிருந்தே வாங்கிப் போ. உடைகிற அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால் அங்கே இறங்காதே; நீர் கடலுக்குள் திரும்பி ஓடும் வழி பெரும்பாலும் அதுதான். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடக் கூடாது, மிதந்து மூச்சைக் காத்துக்கொண்டு கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலக வேண்டும். நீந்தத் தெரிந்தவருக்கு.

பெரியவளிடம் "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லிவிடாதே. ஒரு நிமிடம்தானே, துண்டு எடுத்து வருகிறேன் என்றுகூடச் சொல்லாதே. துண்டு எடுக்கப் போனால் இரண்டு பேரையும் நீரிலிருந்து ஏற்றிக் கையோடு அழைத்துப் போ. குழந்தைக்குக் கண் இருக்கிறது, பொறுப்பு இருக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, கடல் நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து, இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த ஆழிப்பேரலை இதுதான் என்று பெற்றோரிடம் சொன்னாள். அவளுடைய தந்தை அதைக் காவலாளியிடம் எடுத்துச் சொன்னார். கடற்கரையை விட்டு எல்லோரையும் வெளியேற்றினார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எல்லோரும் சிறுமியை மெச்சினார்கள். எனக்கு அந்தத் தந்தைதான் நினைவில் நின்றார், அவர் தலையை நிமிர்த்திக் கேட்டார் என்பதால்.

நான் நிமிர்த்தவில்லை. நாம் கடற்கரைக்குப் போயிருந்த அன்று உனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. அம்மா துண்டு எடுக்கப் போயிருந்தாள். நான் விடுமுறைக்கும் தூக்கிக்கொண்டு வந்த அலுவலகத் தாள்கள் காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்து, கூட்டல் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, தம்பி மேலேயே பார்த்துக்கிட்டு நிக்கிறான்" என்றாய். "இரு" என்றேன். இன்னொரு முறை சொன்னாய், கூட்டிய தொகையை மறந்துவிடுவேன் என்று கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். நீதான் மார்பளவு நீரில் இறங்கி அவன் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்து இழுத்து வந்தாய். அவன் நீரைக் கக்கி அழுத பிறகு, எல்லோரும் பார்க்க, நனைந்த உன் கன்னத்தில் அறைந்தேன். அம்மாவிடம் "இவளிடம்தான் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்" என்றேன். இத்தனை ஆண்டுகளாக வீட்டில் அந்தக் கதை அப்படித்தான் சொல்லப்படுகிறது. நீ இரண்டு முறை கூப்பிட்டாய் என்பது நம் இருவருக்கு மட்டும் தெரியும். நீயும் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஒன்று நடக்கும்போது நீ சொன்னால் இந்த வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இப்போது நீ எதையும் சொல்லாமல் இருக்கிறாய் என்று குறைபட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அன்றிலிருந்து நீ கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அப்படியிருந்தும் குழந்தைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்று நீயாகவே கிளம்புகிறாய். இந்தத் துணிவு என்னிடமிருந்து வந்ததல்ல. ஆனால் இரண்டு குழந்தைகளுக்கு ஒரே ஒரு பெரியவர், அவருக்கும் நீந்தத் தெரியாது என்பது சரியான கணக்கில்லை. கூட்டல் பார்த்தே காலத்தைக் கழித்தவன் சொல்கிறேன். உயிர்காப்பாளர் காவலிருக்கும் கடற்கரையாகத் தேர்ந்தெடு, அவர்கள் கொடி நட்ட எல்லைக்குள்ளேயே இரு. இதை முன்பே எழுதினேனா என்று தெரியவில்லை, எழுதியிருந்தாலும் இருக்கட்டும்.

நேற்று அலமாரியிலிருந்து என் கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. என்னுடையதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. உன் அம்மாவால் முழங்கால் வலியோடு படகில் ஏற முடியாது, அவளே என்னைப் போகச் சொல்கிறாள். எனக்குத் தனி அறை வேண்டாம். நான் எதையும் கேட்க மாட்டேன். இப்போதும் இடுப்பளவு நீரில் ஒரு மணி நேரம் நிற்க என்னால் முடியும், கையில் தாள் எதுவும் இருக்காது. உன்னோடு வருவது உனக்குப் பாரம் என்றால் அதையும் எழுது, நான் வருத்தப்பட மாட்டேன் என்று பொய் சொல்லவில்லை, ஆனால் புரிந்துகொள்வேன்.

எந்த விமானம், எந்த வரிசை என்று மட்டும் உடனே தெரிவி. அருகில் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா