கீரைக்கு முன்னால் மாத்திரை டப்பா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோரின் மலச்சிக்கல் என்றாலே கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கும் தொல்லை இது, பெண்களுக்குக் கூடுதல். வாரத்தில் மூன்று தடவைக்கும் குறைவாகப் போவது மட்டுமல்ல, தினமும் போனாலும் முக்கி முக்கிப் போவதும், முழுதாகப் போகாத உணர்வும் இதில் சேரும். "வயசானா அப்படித்தான்" என்று விடுவதற்குள் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்.

இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள், வலிக்கான டிரமடால், ரத்த அழுத்தத்துக்கான வெராபமில், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின், கைநடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாமே மலத்தைக் கட்டக்கூடியவை. இரண்டு மூன்று சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நீர் பிரிய வைக்கும் மாத்திரையும் மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எல்லா மருந்துகளையும் டாக்டரிடம் கொண்டுபோய் மாற்று உண்டா என்று கேளுங்கள். டிரமடாலைத் தொடர்ந்து கொடுக்கும்போது மலமிளக்கியும் கூடவே எழுத வேண்டும். சீட்டில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குவதில் தவறே இல்லை. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, பார்க்கின்சன், பக்கவாதம் உள்ளவர்களுக்கு இந்த மருந்துகள் இல்லாமலே குடல் மந்தமாகலாம்.

மற்ற காரணங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன. பல் போனதால் கஞ்சி, ரசம் சாதம். இரவில் எழுந்து போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீரைக் குறைப்பது. முட்டிவலிக்குப் பயந்து, வரும்போது அடக்குவது. அடக்க அடக்கப் பெருங்குடல் நீரை உறிஞ்சி மலம் கல்லாகிவிடும். காலைப் பலகாரம் சாப்பிட்டதும் குடல் தானே அசையும். அந்த அரை மணிக்குள் பத்து நிமிடம் உட்கார வையுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் அரையடி உயரப் பலகை போட்டு, கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லுங்கள்.

இசப்கோலை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துப் படுத்த படுக்கையாக இருப்பவருக்கு ஊட்டுவது ஆபத்து, குடலிலேயே அடைத்துக்கொள்ளும். நடமாடுகிறவர்களுக்கும் ஒரு முழு டம்ளர் தண்ணீர் வேண்டும். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி சிரப் வேலை செய்ய ஓரிரு நாளாகும். மறுநாளே பலனில்லை என்று பேதி மாத்திரைக்குத் தாவாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மெக்னீசியம் கலந்த மலமிளக்கி கூடாது. இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்களுக்குத் தண்ணீர் டாக்டர் சொன்ன அளவுதான்.

எல்லாரும் ஏமாறுவது ஒன்றில். பல நாள் போகாதவருக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து லோப்ரமைடு கொடுக்கிறார்கள். உள்ளே கட்டியாக அடைத்திருக்கும் மலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் கசிவாக அது இருக்கலாம். மாத்திரை அதை இன்னும் இறுக்கும். இப்படி மலம் அடைத்தால் சிறுநீரும் அடைக்கலாம், சிலருக்குப் புத்தி குழம்பி ஆள் தடுமாறும். டாக்டர் மலவாயில் விரல் விட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும், ஸ்கேன் வரை போக வேண்டியதில்லை. ரத்தம் போவது, எடை குறைவது, ரத்தசோகை, புதிதாகத் தொடங்கிய சிக்கல் ஆகியவற்றுக்கு மட்டும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் குடல் பரிசோதனைக்குப் போய்விட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
திருச்சி.